ஆறு பலாப்பழமும் ஒரு டிக்கி பலகையும்

"மாப்ள, இன்னும் ரெண்டு வைக்கலாம்"னு மாமா சொன்னப்பவே வேணாம்னு சொல்லிருக்கணும். 2024 மே மாசம், பண்ருட்டில மாமனார் வீட்டு வாசல்ல வண்டி நிக்குது, டிக்கில ஏற்கனவே நாலு பலாப்பழம், ஒவ்வொண்ணும் பன்னெண்டு பதிமூணு கிலோ இருக்கும், அஞ்சாவது வச்சாரு ஒண்ணும் ஆகல, ஆறாவது மட்டும் பதினெட்டு கிலோ, பக்கத்து மண்டில எடை போட்டுட்டு வந்து பெருமையா சொன்ன பழம், அத கொஞ்சம் மேலேர்ந்து விட்டாரு பாருங்க, டப்புனு ஒரு சத்தம். பழம் வெடிச்சிடுச்சுன்னு அவரு பதறிட்டாரு. பழத்துக்கு ஒண்ணும் ஆகல. பலகை தான் நடுவுல மடங்கி, ஆறு பழமும் ஒண்ணா ஸ்டெப்னி மேல சரிஞ்சு உக்காந்துருச்சு, கூடைல வச்ச மாதிரி.

மாமா எட்டிப் பாத்துட்டு "நல்லதாப் போச்சு மாப்ள, இனிமே உருளாது" ன்னாரு.

என்னுது பத்து வருஷ பழைய ஹேட்ச்பேக். என்ன கம்பெனின்னு எழுதப் போறதில்ல, ஏன்னா இது அந்த ஒரு வண்டியோட கத இல்ல, நான் அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க வண்டி ஒரு ஏழெட்டு டிக்கிய தொறந்து அந்த கார்ப்பெட்ட தூக்கிப் பாத்துட்டேன் (வீட்ல இத ஒரு வியாதின்னே சொல்றாங்க), சின்ன வண்டில பாதிக்கு மேல இதே நெலம தான். கார்ப்பெட்டுக்கு கீழ இருக்கறது மரமே இல்ல, மர நார அழுத்தி செஞ்ச ஹார்டுபோர்டு, என் வண்டில அஞ்சு எம்எம் கனம். அது சுத்தி விளிம்புல மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு உக்காந்திருக்கும், நடுவுல ஸ்டெப்னி பள்ளத்துக்கு மேல அந்தரத்துல நிக்கும். சூட்கேஸு, காய்கறி பை, ரெண்டு பேக்கு, இதுக்கு போதும். கேஸ் சிலிண்டரு, அரிசி மூட்ட, இன்வெர்ட்டர் பேட்டரி, பலாப்பழம், இதுக்கெல்லாம் அது பொறந்ததே இல்ல. அதுலயும் நம்ம கடலூர் காத்து. வருஷம் பூரா ஈரம் ஏறி ஏறி, ஹார்டுபோர்டு ஏற்கனவே ஊறுன பிஸ்கட் மாதிரி தான் இருந்திருக்கு, மாமா கடைசி பழத்த வச்சது ஒரு சாக்கு அவ்ளோதான்.

சரி, மொதல்ல நான் பண்ண முட்டாள்தனத்த சொல்லிட்றேன். நடுவுல தொங்குதுன்னா நடுவுல ஒரு முட்டு குடுத்தா போச்சுன்னு நெனச்சேன். ஸ்டெப்னி டயருக்கு மேல ஒரு பழைய மணக்கட்டைய வச்சேன், கனமும் கரெக்டா இருந்துச்சு, அதுக்கு மேல மடங்குன பலகைய நிமுத்தி டேப் ஒட்டி போட்டேன். ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்துச்சு. அப்புறம் பாத்தா நடுவுல மட்டும் நிக்குது, ரெண்டு பக்கமும் சரியுது, கல்யாண வீட்டு சாமியானா மாதிரி. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா டொம்முனு அடிக்கும். பையன் பின்சீட்ல உக்காந்துகிட்டு "அப்பா யாரோ கதவ தட்றாங்க"ன்னுவான்.

அதவிட பெரிய கோளாறு ஆகஸ்ட்ல தான் தெரிஞ்சுது. வடலூர் சபைக்கு போயிட்டு ராத்திரி திரும்பறோம், குறிஞ்சிப்பாடி தாண்டறதுக்கு முன்னாடியே பின் டயர் போச்சு. டிக்கில இருந்த எல்லாத்தையும் ரோட்டோரம் எறக்கி வச்சு, பலகைய தூக்கி மரத்துல சாத்தி, மணக்கட்டைய எடுத்து, ஸ்டெப்னிய எடுத்து மாட்டியாச்சு. பஞ்சரான டயர பள்ளத்துல போட்டாச்சு. மணக்கட்டைய வச்சா ஒக்காரல, காத்து எறங்குன டயரு கொஞ்சம் சப்பையாயிடுச்சு, அரை இஞ்ச் இடைவெளி. ஸ்டெப்னிய நம்பி முட்டு குடுத்தா, ஸ்டெப்னி வேணுங்கற அன்னிக்கு முட்டும் போயிடும்ங்கறது எனக்கு அந்த இருட்டுல கொசுக்கடில தான் உறைச்சுது. ஸ்டெப்னில காத்தும் கம்மி, அது தனி அசிங்கம், கடைசியா எப்ப செக் பண்ணேன்னே ஞாபகம் இல்ல. வால்வு அடிப்பக்கம் இருக்கற மாதிரி கவுத்து போட்டு வச்சிருந்தேன், அப்ப எப்படி காத்து புடிக்கறது.

அப்புறம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கத்துல கரைய கடந்துச்சே, பாண்டில ஒரே நாள்ல 40 செ.மீக்கு மேல கொட்டுன மழை. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைலேர்ந்து தண்ணி வந்து தென்பெண்ணை பொங்குனது எல்லாம் எங்க ஊர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. எங்க தெருவுல வெள்ளம் வரல, வண்டி மேடான எடத்துல தான் நின்னுச்சு, மழை மட்டும் தான். ஆனா ஒரு வாரம் கழிச்சு கதவ தொறந்தா ஒரு நாத்தம். எலி செத்துருச்சுன்னு சீட்டுக்கு அடில எல்லாம் டார்ச் அடிச்சு தேடுனேன். கடைசில பலகைய தூக்குனா ஸ்டெப்னி பள்ளத்துல மூணு விரல் தண்ணி. ஜாக்கி முழுகிக் கெடக்கு, ஸ்பேனர் செம்மண் கலர்ல. ஹார்டுபோர்டு அடிப்பக்கம் பூத்து, கைல அள்ளுனா அவல் மாதிரி வருது.

பள்ளத்துக்கு அடில ஒரு ரப்பர் மூடி இருக்கும், பாதிப் பேருக்கு தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்டெப்னிய எடுத்துட்டு கீழ பாருங்க, வட்டமா கறுப்பா ஒரு மூடி, ஸ்க்ரூடிரைவரால நெம்புனா வந்துரும், தண்ணி தானா எறங்கிடும். காஞ்சதும் மறக்காம திரும்ப அழுத்தி மாட்டணும், இல்லன்னா ரோட்டு தண்ணி கீழேர்ந்து மேல வரும்.

தண்ணி எறங்குனது சரி, வந்த வழி எது? இதுக்கு ஒரு மெக்கானிக் சொன்ன வழி ரொம்ப புடிச்சுது. டிக்கி உள்பக்கம் பூரா முகத்துக்கு போட்ற பவுடர தூவிட்டு, வெளியேர்ந்து ஹோஸ்ல தண்ணி அடிச்சா, எந்த எடத்துல தண்ணி எறங்குதோ அங்க பவுடர்ல கோடு விழும். நான் இன்னும் ஒரு படி மேல போயி, பின்சீட்ட மடக்கிட்டு, டார்ச்ச எடுத்துகிட்டு உள்ள படுத்துகிட்டு, டிக்கிய மூடச் சொல்லிட்டு, வீட்ல அவங்கள தண்ணி அடிக்க சொன்னேன். எதிர் வீட்டு அம்மா பால் வாங்க வெளிய வந்தவங்க பாத்தது என்னன்னா, கார் மேல ஹோஸ் வச்சு ஒருத்தி தண்ணி அடிச்சுகிட்டு "தெரியுதா... தெரியுதா"ன்னு கத்தறா, டிக்கிக்குள்ளேர்ந்து "இன்னும் அடி, இடது பக்கம் அடி"ன்னு ஒரு ஆம்பள குரல். அவங்க இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட சரியா பேசறதில்ல.

இடது பக்க டெயில் லைட். லைட்டுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற ஃபோம் கேஸ்கட்டு காஞ்சு நொறுங்கிப் போயிருந்துச்சு, அது வழியா மெல்லிசா ஒரு கோடு, பவுடர்ல நத்தை போன தடம் மாதிரி, நேரா பள்ளத்துக்கு. புது கேஸ்கட் மாத்தியாச்சு. பள்ளத்துல துரு ஆரம்பிச்ச எடத்த ஒயர் பிரஷ் போட்டு தேச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, மேல கறுப்பு பெயின்ட். கடலோரத்துல இருக்கறவங்க பலகைய மாத்தறதுக்கு முன்னாடி இத பண்ணிடுங்க, புது மரத்த போட்டு துருவ மூடி வச்சா அடுத்த அஞ்சு வருஷத்துக்கு யாரும் அந்தப் பக்கம் பாக்கப் போறதில்ல.

பொங்கல் லீவுல தான் ஆசாரிய புடிச்சேன். திருப்பாப்புலியூர்ல, எங்க வீட்டு கிச்சன் கபோர்டு செஞ்சவரு. நான் போயி "அண்ணே, முக்கால் இஞ்ச் பிளைவுட் போட்டு ஒரு பலக வேணும், மாமனார் மேல ஏறி நின்னாலும் ஒடையக் கூடாது"ன்னேன். அவரு வண்டிய சுத்தி வந்தாரு, பள்ளத்த பாத்தாரு, கைய விட்டு அளந்தாரு, ஒண்ணும் பேசல. அப்புறம் கடைல கெடந்த ஒரு ரீப்பர் துண்ட, அதாவது ஒல்லியான மரச்சட்டத்த, எடுத்தாரு, ஒண்ணுக்கு ரெண்டு இஞ்ச், ரெண்டு செங்கல்ல வச்சு பாலம் மாதிரி படுக்க போட்டாரு. "ஏறுங்க தம்பி"ன்னாரு. ஏறுனேன், நடுவுல வில்லு மாதிரி வளஞ்சுது. எறங்க சொல்லி அதே கட்டைய நிமுத்தி, ரெண்டு இஞ்ச் பக்கம் மேல கீழ வர்ற மாதிரி வச்சாரு. கவுந்துராம அவரே ரெண்டு பக்கமும் கால வச்சு அண கொடுத்துகிட்டாரு. "இப்ப ஏறுங்க." ஏறுனேன். அசையவே இல்ல. அதே கட்ட, அதே மரம், அதே எடை.

"கனம் முக்கியம் இல்ல தம்பி, எந்தப் பக்கம் நிக்குதுங்கறது தான்" அப்டின்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டாரு.

நான் வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தேன், காலேஜ்ல படிச்சு மறந்தது தான். ஒரு கட்டையோட விறைப்பு அதோட அகலத்துக்கு நேரா கூடும், ஆனா உயரத்த மூணு தடவ பெருக்குன அளவுக்கு கூடும். படுக்க வச்சா ரெண்டு அகலம், ஒண்ணு உயரம், அதாவது ரெண்டு. நிமுத்துனா ஒண்ணு அகலம், ரெண்டு உயரம், ரெண்டு ரெண்டு ரெண்டு பெருக்குனா எட்டு. நாலு மடங்கு. காசு செலவில்லாம. பலகைக்கும் இதே கணக்கு தான், கனத்த ரெண்டு மடங்காக்குனா விறைப்பு எட்டு மடங்கு, ஆனா எடையும் ரெண்டு மடங்கு. என் டிக்கி 95 செ.மீ அகலம், 65 செ.மீ ஆழம், பன்னெண்டு எம்எம் பிளைவுட் போட்டா அஞ்சு கிலோ பக்கம் வரும், பதினெட்டு எம்எம் போட்டா ஏழு கிலோவ தாண்டும். நடுராத்திரி ஸ்டெப்னி எடுக்க அத ஒத்தக் கைல தூக்கிப் புடிக்கணும்ங்கறத நெனச்சுக்கோங்க. அதனால பன்னெண்டு எம்எம் பிளைவுட்டு, அடில நிமுத்துன ரீப்பர் ரெண்டு. அதான் முடிவு.

பிளைவுட் வாங்க போனா கடைக்காரரு எம்ஆர் காட்டுவாரு, ஈரத்த ஓரளவு மட்டும் தாங்கற ரகம், வெல கம்மி. அது வீட்டுக்குள்ள அலமாரிக்கு. வண்டி டிக்கிக்கு, அதுவும் நம்ம ஊர்ல, ஐஎஸ் 710 முத்திரை போட்ட மெரைன் பிளை கேளுங்க, பிடபிள்யூபின்னும் சொல்வாங்க, அதுல ஒட்டற பசை கொதிக்கற தண்ணிக்கும் தாங்கற பசை. முழு ஷீட்டு எட்டுக்கு நாலு அடி, நமக்கு அதுல கால்வாசி கூட வேணாம். என் ஆசாரிகிட்ட யாரோ வீட்டு சிங்க் அடில போட்டு மீந்த துண்டு இருந்துச்சு, அதுலயே முடிஞ்சுது, துண்டுக்கு தனி காசு கூட வாங்கல, கூலில சேத்துகிட்டாரு.

அளவு எடுக்கறது தான் உண்மையான வேல. டிக்கி பாக்க சதுரமா இருக்கும், ஆனா எங்கயுமே நேர்க்கோடு கெடையாது. பழைய பலகைய வச்சு வரையலாம்னா அது ஊறி உப்பி அளவே மாறிடுச்சு. ஃப்ரிட்ஜ் வந்த அட்டப்பெட்டிய வெட்டி, வச்சு வச்சு பாத்து, கத்தியால சீவி சீவி, அரைநாள் ஆச்சு. அட்ட கரெக்டா உக்காந்ததும் அத பிளைவுட்ல வச்சு பென்சில்ல கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச், உள்ள தள்ளி வெட்டுனாரு. ஏன்னா கார்ப்பெட்டு சுத்தி மடிச்சு ஒட்டணும், அதுக்கு எடம் வேணும். அட்ட அளவுக்கே பலகைய வெட்டிட்டு அப்புறம் கார்ப்பெட் ஒட்டி, உள்ள போகாம சுத்தியால அடிச்ச ஆளுங்கள பாத்திருக்கேன்னாரு.

இன்னொண்ணு சொன்னாரு, பிளைவுட்டு மேல் பரப்புல ஓடற ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் தான் பலம் அதிகம். அதனால ரேகை இடம் வலமா, பள்ளத்துக்கு குறுக்க போற மாதிரி வெட்டணும். ரீப்பரும் அதே திசைல தான். என் வண்டில டயருக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு இஞ்சுக்கு கொஞ்சம் கம்மியா எடம் இருந்துச்சு, அதனால ரீப்பர ஒன்றரை இஞ்சுக்கு எழச்சாரு. ரீப்பர் விளிம்பு வரைக்கும் போகக்கூடாது, ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் முன்னாடியே நின்னுடணும், இல்லன்னா பலகை விளிம்புல உக்காராம ரீப்பர் மேல நிக்கும், தரை ஒன்றரை இஞ்ச் ஒசந்துரும். பலகைக்கும் ரீப்பருக்கும் நடுவுல பசை தடவி, மேலேர்ந்து சாணுக்கு ஒரு ஸ்க்ரூ, தலை உள்ள புதையற மாதிரி. பசை ரொம்ப முக்கியம், வெறும் ஸ்க்ரூல நின்னா ரெண்டும் தனித்தனியா வளையும், ஒட்டுனா தான் ரெண்டும் சேந்து ஒரே கட்டையா வேல செய்யும்.

ஓரத்துக்கு மூணு கோட்டு வார்னிஷ். பிளைவுட்டு தண்ணி குடிக்கறது மேல் பரப்புல இல்ல, வெட்டுன ஓரத்துல. அப்புறம் கார்ப்பெட்டு, ரெண்டு பக்கமும் சிந்தெடிக் பசை தடவி, பத்து பதினஞ்சு நிமிஷம் கைல ஒட்டாத அளவு காயவிட்டு அப்புறம் ஒட்டணும். நான் அவசரப்பட்டு ஈரமா ஒட்டி, ஒரு மூலைல கொப்புளம் கட்டி நிக்குது, இப்பவும் இருக்கு.

ஒரு வெல்டிங் பட்டறைல மொதல்ல வேற யோசன சொன்னாங்க. இரும்பு சதுர பைப்ப பள்ளத்துக்கு குறுக்க போட்டு, பாடில ட்ரில் போட்டு போல்ட் பண்ணிடலாம்னு. வேணாம்னுட்டேன். டிக்கி தகரம் மெல்லிசு, ஓட்ட போட்ட எடத்துல பெயின்ட் போகும், உப்புக் காத்துக்கு அது போதும். கீழ சைலன்சர் எங்க போகுது, ஒயர் எங்க போகுதுன்னு தெரியாம மேலேர்ந்து ட்ரில் போட்றது வேற பயம். நான் பண்ணதுல வண்டில ஒரு ஓட்ட கூட கெடையாது, வித்தாலும் பழைய பலகைய போட்டுட்டு இத உருவிக்கலாம். (பழைய பலகை தான் அவலாயிடுச்சே, அது வேற விஷயம்.)

இப்ப பாண்டி கத. நான் வேல பாக்கறது பாண்டில, தெனமும் பஸ்ல தான் போவேன், ஆனா அந்த பிப்ரவரி ஞாயித்துக்கிழமை அரியாங்குப்பத்துல ஒரு சொந்தக்காரங்க கிரகப்பிரவேசம், வண்டில போனோம். திரும்பும்போது எல்லையில வழக்கம் போல செக்கிங். பாண்டிலேர்ந்து கடலூர் வர்ற வண்டின்னா டிக்கிய தொறக்க சொல்றது சகஜம், எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். தொறந்தேன். உள்ள ரெண்டு பை, சீர் குடுத்த குக்கரு, ஒரு வாழத்தாரு, அதுக்கு கீழ என் புத்தம் புது பலகை, பளிச்சுனு கார்ப்பெட்டோட. பத்து வருஷ வண்டில டிக்கி மட்டும் புதுசா இருக்குன்னா யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வரும்ல. போலீஸ்காரர் விரல மடக்கி டொக் டொக்குனு தட்டுனாரு. ஒரு தரம் நடுவுல, ஒரு தரம் ஓரமா. ரீப்பர் இருக்கற எடத்துல ஒரு சத்தம், இல்லாத எடத்துல வேற சத்தம்.

"கீழ என்ன இருக்கு?"

"ஸ்டெப்னி சார்."

"தூக்குங்க பாக்கலாம்."

பைய எறக்கி, குக்கர எறக்கி, வாழத்தார பையன் கைல குடுத்து, பலகைய தூக்குனேன். டார்ச் அடிச்சாரு. ஸ்டெப்னி, அதுக்கு நடுவுல ஒரு பழைய லுங்கி. லுங்கிய தூக்க சொன்னாரு. உள்ள கயிறும் காத்தடிக்கற மெஷினும். அவரு சிரிச்சுட்டாரு. பலகைய திருப்பி ரீப்பர பாத்துட்டு "நல்லா தான் பண்ணிருக்காங்க, எங்க செஞ்சீங்க, என் வண்டிலயும் தொங்குது"ன்னு கேட்டாரு. ஆசாரி கட இருக்கற தெருவ சொன்னேன். பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிச்சுகிட்டு நிக்குது.

ஆனா அந்த குக்கரையும் வாழத்தாரையும் எறக்குன கடுப்புல தான் அடுத்த மாத்தம் வந்துச்சு. கீழ இருக்கறது எல்லாமே அவசர சாமான், அத எடுக்க மேல இருக்கற எல்லாத்தையும் எறக்கணும்னா அப்புறம் என்னா அவசரம். மறுபடி ஆசாரிகிட்ட போயி, பலகைய குறுக்க ரெண்டா அறுக்க சொன்னேன். டிக்கி கதவு பக்கம் மூணுல ஒரு பங்கு தனி, உள்பக்கம் ரெண்டு பங்கு தனி, நடுவுல நீள கீலு. அறுத்த ரெண்டு ஓரத்துக்கும் அடில முட்டு இருக்கணும், ஒரு பக்கம் ஏற்கனவே ரீப்பர் இருந்துச்சு, இன்னொரு பக்கத்துக்கு புதுசா ஒண்ணு அடிச்சாரு. ஆக மொத்தம் மூணு. மொதல்லயே சொல்லிருந்தா ஒரே கூலில முடிஞ்சிருக்கும்னு திட்டு வேற. இப்ப கதவு பக்கம் லேசான பைய மட்டும் வச்சுக்கறது, அத நகத்திட்டு முன் மடிப்ப தூக்குனா கை எட்டற தூரத்துல ஜாக்கி, ஸ்பேனர், முக்கோண ரிஃப்ளெக்டர், 12 வோல்ட் காத்து மெஷின். ஸ்டெப்னியே வேணும்னா மட்டும் முழுசா எறக்கணும், அதுக்கு வேற வழி இல்ல. ஆனா டியூப்லெஸ்ல ஆணி குத்தி மெல்ல எறங்குதுன்னா மெஷின்ல காத்த புடிச்சுகிட்டு பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டிடலாம், பாதி தடவ அதுலயே வேல முடிஞ்சுடுது.

பூட்டு போட்லாமான்னு ஆசாரி கேட்டாரு. செக்போஸ்ட்ட நெனச்சு வேணாம்னுட்டேன். விரல் நுழையற மாதிரி ஒரு ஓட்ட மட்டும்.

கீழ இருக்கற எடத்த பத்தி. என் ஸ்டெப்னி 165/80 ஆர் 14, கணக்கு போட்டா 62 செ.மீ விட்டம் வருது. அது வட்டம், பலகை சதுரம், அதனால நாலு மூலைலயும் முக்கோணமா கொஞ்சம் எடம் மீறும். பெரிய ஆழம் இல்ல, நாலு விரல் தான். ஆனா உண்மையான பொக்கிஷம் டயருக்கு நடுவுல இருக்கற கிண்ணம். ரிம்ம மல்லாக்க போட்டா ஒரு குண்டான் அளவு எடம், வால்வும் மேல் பக்கமே வந்துடும், காத்து புடிக்க லேசு. என் வண்டில அப்படி போட்டாலும் நடு போல்ட் சரியா புடிக்குது, உங்க வண்டில புடிக்குதான்னு பாத்துட்டு பண்ணுங்க, கட்டாத ஸ்டெப்னி டிக்கில உருள்றது வெளையாட்டில்ல. கிண்ணத்துல கயிறு, கையுறை, லுங்கி. லுங்கிய சிரிக்காதீங்க, மழைல ரோட்ல மண்டி போட்டு டயர் கழட்டறப்ப அதோட அருமை தெரியும்.

மூலைக்கு வீட்ல ஒரு யோகா மேட்டு இருந்துச்சு, வாங்குன நாள்லேர்ந்து சுருட்டியே கெடந்துச்சு, அனுமதி வாங்கிட்டு வெட்டி, அடுக்கி ஒட்டி, ஜாக்கி உருவத்துக்கு குழி எடுத்து அதுல பதிச்சேன். சத்தம் சுத்தமா நின்னுச்சு. டிக்கில வர்ற கடகட சத்தத்துல முக்காவாசி ஜாக்கியும் ஸ்பேனரும் தான், பலகை இல்ல. பலகை விளிம்பு உக்கார்ற எடத்துக்கும் ஒரு பட்டை ஒட்டுனேன்.

கீழ வைக்கக் கூடாதது: பெர்ஃப்யூம் ஸ்ப்ரே, லைட்டரு, பவர் பேங்க்கு, பெட்ரோல் கேனு. பக்கத்துலயே சைலன்சர் போகுது, மேல வெயிலு. திங்கற பொருளும் வேணாம், இத ஏன் சொல்றேன்னு கடைசில வரும்.

ஸ்டெப்னியவே தூக்கிட்டா எவ்ளோ எடம்னு ஒரு நண்பர் கேட்டாரு. 2020ல மத்திய அரசு விதிய மாத்துச்சு, டியூப்லெஸ் டயரு, காத்து கொறஞ்சா டேஷ்போர்டுல காட்டுற டிபிஎம்எஸ்சு, பஞ்சர் ரிப்பேர் கிட்டு, இதெல்லாம் வண்டியோட வந்தா ஸ்டெப்னி இல்லாம விக்கலாம்னு. என் வண்டில டிபிஎம்எஸ் இல்ல. இருந்தாலும் தூக்கிருக்க மாட்டேன், ஆணி குத்துனா கிட்டு போதும், கல்லு கிழிச்சு டயர் பக்கவாட்டுல வெடிச்சா கிட்ட வச்சு என்னா பண்றது. டாடால 2023ல வந்த ஆல்ட்ராஸ் சிஎன்ஜில ஒரு பெரிய சிலிண்டருக்கு பதிலா முப்பது முப்பது லிட்டர்ல ரெண்டு சின்ன சிலிண்டர டிக்கி தரைக்கு கீழ படுக்க வச்சு, ஸ்டெப்னிய வண்டிக்கு அடில தொங்க விட்டிருக்காங்க பாருங்க, அந்த எடத்தோட மதிப்பு கம்பெனிக்காரனுக்கே அப்ப தான் தெரிஞ்சிருக்கு போல.

அடுத்த வருஷம், அதாவது 2025 மே மாசம், மறுபடி பண்ருட்டி. மாமா மொதல்ல பலகைய தட்டிப் பாத்தாரு, அப்புறம் செருப்ப கழட்டிட்டு டிக்கிக்குள்ள ஏறி குத்த வச்சு உக்காந்தே பாத்துட்டாரு. ஒண்ணும் ஆகல. "அப்ப பத்து வைக்கலாமா மாப்ள?" அங்க தான் நான் நின்னேன். பலகை தாங்கும், வண்டி தாங்கணும்ல. பலகைய பலமாக்குனா ஸ்பிரிங்கு பலமாகாது, வண்டிக்கு கம்பெனி குடுத்த மொத்த எடை அளவு அப்படியே தான் இருக்கு, பின்னாடி நாலு பேர் வேற உக்காரணும். போன தடவ ஆறு பழத்தோட ராத்திரி வந்தப்ப எதிர்ல வந்தவன் எல்லாம் லைட் அடிச்சு திட்டிட்டு போனான், பின்பக்கம் அமுங்கி என் ஹெட்லைட் வானத்த பாத்துட்டு இருந்திருக்கு. இந்த தடவ ஆறு தான், ஹெட்லைட்ட ஏத்தி எறக்கற அந்த சின்ன திருகுல கீழ எறக்கி, பின் டயருக்கு கதவோர ஸ்டிக்கர்ல போட்டிருக்கற லோடு காத்து புடிச்சு, பழத்துக்கு கீழ சாக்கு விரிச்சு, பின்சீட்டோட சேத்து கயிறு கட்டி கொண்டாந்தேன். சாக்கு இல்லாம வச்சா பால் வடிஞ்சு கார்ப்பெட்ல ஒட்டும், தேங்கெண்ண போட்டு தேச்சா போகும், ஆனா எண்ணைய எடுக்க அப்புறம் சோப்பு, சோப்ப எடுக்க தண்ணி, அது ஒரு நாள் பொழப்பு.

போன வாரம் ஸ்டெப்னில காத்து செக் பண்ணலாம்னு பலகைய எடுத்தேன். இப்பல்லாம் மாசம் ஒருக்கா பண்றேன். டயருக்கும் மூலை ஃபோமுக்கும் நடுவுல வெள்ளையா ஏதோ நீட்டிகிட்டு இருக்கு. புழுன்னு நெனச்சு கைய எடுத்துட்டேன். டார்ச் அடிச்சா பலாக்கொட்ட. மே மாசம் மாமியார் கொழம்புக்கு ஒரு கவர்ல கொட்ட கட்டிக் குடுத்தாங்க, அத பையன் கீழ போட்டு வச்சிருக்கான், கவர் ஓட்டையாகி ஒண்ணு வெளிய வந்து, சுண்டு விரல் நீளத்துக்கு வேர் விட்டு, பச்சையா ஒரு தளிரும் கெளம்பிருக்கு.

வீட்ல எல்லாருக்கும் சிரிப்பு தாங்கல, தொட்டில வைக்கணும்னு பையன் அடம். எனக்கு சிரிப்பு வரல. மொளைக்க ஈரம் வேணும்ல, அப்ப தண்ணி இன்னும் எங்கேர்ந்தோ வருது. மாமாவுக்கு ஃபோன் பண்ணி கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள, பலாக்கொட்ட பழத்துக்குள்ளயே மொளைக்கும், அதுக்கே உள்ள ஈரம் இருக்கு"ங்கறாரு. இருக்கலாம். ஃபோம தொட்டுப் பாத்தா ஈரமா இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பவுடர் டப்பா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வலது பக்க லைட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும், எதிர் வீட்டு அம்மா பால் வாங்க வர்றதுக்கு முன்னாடி.